கடலடி மண்ணைப் படிக்கலாமா? காசிமேடு முதல் எண்ணூர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். பிள்ளைகள் மட்டுமல்ல, அம்மாக்களும் வருவார்கள். நான் காசிமேட்டுப் பெண். எங்கள் நைனா முப்பது வருஷம் லாஞ்சில் போனவர். நான் ஜியாலஜி படித்து, கொச்சியில் மரைன் ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்து, இப்போது கரை மாற்றங்களை அளக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடல் நிலவியல்னா இன்னாக்கா? மீன் படிப்பா?

இல்லை. மீன், இறால், பாசி எல்லாம் கடல் உயிரியல். மீன்வளப் படிப்பு இன்னொன்று. இது தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையைப் பற்றியது. அது சேறா, மணலா, பாறையா? எங்கிருந்து வந்தது, எப்போது படிந்தது? கரை ஓரிடத்தில் வளர்ந்து இன்னோரிடத்தில் ஏன் அரிக்கிறது? இவைதான் கேள்விகள். சேற்றையும் பாறையையும் கையில் எடுத்துப் பார்ப்பது மரைன் ஜியாலஜி. ஒலி, காந்தம், ஈர்ப்பு இவற்றை வைத்துத் தரைக்குள் இருப்பதை அறிவது மரைன் ஜியோபிசிக்ஸ். இரண்டையும் சேர்த்து மரைன் ஜியோசயின்ஸ் என்கிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, கவனமாக இருங்கள். பள்ளிக்கூடத்தில் 'புவியியல்' என்று படித்தது ஜியாகரபி. ஜியாலஜி என்பது நிலவியல், சில கல்லூரிகளில் புவியமைப்பியல். எங்கள் தெருத் தம்பி ஒருவன் விண்ணப்பத்தில் இதை மாற்றி டிக் போட்டுவிட்டு, கவுன்சலிங் அன்றுதான் கவனித்தான்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் அவசரப்படாமல் பதில் சொல்வேன்.

மெரினாவில் ஏன் அவ்வளவு மணல், ராயபுரத்தில் ஏன் கருங்கல்? வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகிறது. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டுப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது மணல் தெற்கே திரும்பும். ஆனால் வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரின் தென்பக்கம் தேங்கியது. கரை அகலமாகிக்கொண்டே போனது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே இருந்த நமக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெரு தெருவாக வீடுகள் கடலுக்குள் போனதை நம் பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகுதான் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். தூண்டில் வளைவும் அதே சுவர்தான், அளவில் சின்னது. தன் தெற்கே மணலைப் பிடித்து வைக்கும், வடக்கே இருப்பவருக்குக் குறைக்கும்.

நைனா இதைத் தன் மொழியில் சொல்வார். நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. எந்த மாதம் எது, அப்போது வலை எப்படி விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எம்.எஸ்சி. வகுப்பில் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறும் வரைபடத்தைப் போர்டில் வரைந்தபோது எனக்கு அது புதுப் பாடமாகவே இல்லை.

இன்னும் இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே புகுந்துவிட்டது. இந்தியாவில் கடல்நீர் ஊடுருவலைப் படிக்கும் மாணவர்களுக்கு மீஞ்சூர் ஒரு பாடப்புத்தக உதாரணம். பழவேற்காடு, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் திறப்பதும் அங்கே இருக்கிற மீனவருக்குச் சோற்றுப் பிரச்சினை. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம், நிலக்கரிச் சாம்பல், 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி நம் கரையெல்லாம் எண்ணெய் படிந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூருக்குள் எண்ணெய் வந்தது எல்லாமே இந்தப் படிப்புக்குள் வருகின்றன. எண்ணெய் கரையில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, சேற்றில் எத்தனை வருஷம் தங்கும் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் வண்டல் படித்தவர்.

ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுக்கணும்?

இயற்பியல், வேதியியல் இருக்கும் அறிவியல் குரூப். கணிதமும் இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். உயிரியலோடு வந்தவர்களுக்கும் பல கல்லூரிகளில் பி.எஸ்சி. ஜியாலஜி கிடைக்கும். ஆனால் ஜியோபிசிக்ஸ் பக்கம் போக நினைத்தால் கணிதம் இல்லாமல் திணறுவீர்கள்.

பி.எஸ்சி.யிலேயே 'மரைன்' என்று பெயர் இருக்கிற கோர்ஸ் நல்லதா?

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பெயரில் கடல் இருக்கிற படிப்பைத் தேடி ஓடாதீர்கள். இளங்கலையில் வெறும் ஜியாலஜி படியுங்கள். கனிமம், பாறை, வண்டல், புதைபடிவம், பாறை மடிப்பு என்ற அடிப்படை இருந்தால் கடலுக்கும் போகலாம், சுரங்கத்துக்கும் போகலாம், நிலத்தடி நீருக்கும் போகலாம். பெயரைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் பின்னால் அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் தங்கள் பட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சேப்பாக்கம் மாநிலக் கல்லூரி. அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு, கலை அறிவியல் கல்லூரிகளுக்கான அரசின் இணையச் சேர்க்கையில் விண்ணப்பிக்கலாம். வெளியூர் போகத் தயார் என்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் ஜியாலஜி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். விடாமல் விண்ணப்பியுங்கள். பஸ் காசுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

எம்.எஸ்சி. எங்கே?

இங்கேதான் கடல் பக்கம் திரும்பவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் ஜியாலஜிக்கு இருக்கின்றன. இரண்டும் கிண்டிப் பக்கம்தான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம், அதனால் வீட்டைவிட்டு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு முதலில் இதைச் சொல்வேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் கடல் மேலாண்மைக்கென்று தனி நிறுவனமும் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை கடற்கரையிலேயே இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மரைன் ஜியாலஜி, மரைன் ஜியோபிசிக்ஸ் இரண்டும் தனித்தனி எம்.எஸ்சி. மங்களூர்ப் பல்கலைக்கழகத்திலும் மரைன் ஜியாலஜி உண்டு. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. ஜியாலஜி சேர ஜாம் தேர்வு எழுதவேண்டும். அதில் ஜியாலஜிக்குத் தனித் தாள் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தத் தேர்வின் பெயரைக்கூடக் கேள்விப்படாமலே பி.எஸ்சி. முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமை. மூன்றாம் வருஷத் தொடக்கத்திலேயே விண்ணப்பம் வந்துவிடும்.

வகுப்பில் என்னதான் செய்வீங்க?

நான் சேர்ந்த முதல் மாதத்தில் பேராசிரியர் ஒரு சிட்டிகைச் சேற்றைக் கொடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். நறநறத்தால் அதில் நுண்மணல் கலந்திருக்கிறது, வழவழவென்றால் களிமண். உலகம் முழுக்க நிலவியல் ஆட்கள் இப்படித்தான் களத்தில் சோதிப்பார்கள். எனக்கு உடனே நைனா ஞாபகம். புது இடத்தில் வலை விடுவதற்கு முன்னால் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் எத்தனை பாகம் என்று எண்ணுவார். குண்டின் அடியில் ஒட்டி வந்ததை விரலில் தேய்த்து 'சேறு', 'மணல்', 'பக்கத்துல பார் இருக்குது' என்பார். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு.

ஆய்வகத்தில் மணலைக் காயவைத்துச் சல்லடை அடுக்கில் போடுவோம். மேலே பெரிய கண், கீழே போகப்போகச் சின்னது. கால் மணி நேரம் குலுக்கிய பிறகு ஒவ்வொரு தட்டிலும் நின்றதை எடை போட்டால், அந்த மணலை ஆறு கொண்டுவந்ததா, அலையா, காற்றா என்று சொல்லலாம். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.063 மில்லிமீட்டர் வரைதான் மணல். அதற்கும் கீழே போனால் வண்டல், பிறகு களி.

எனக்குப் பிடித்த வேலை ஃபொராமினிஃபெரா பொறுக்குவது. ஒரே செல் உள்ள உயிர், கடுகைவிடச் சின்னது, சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியைப் பார்த்தபடியே மிக மெல்லிய தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, மணலுக்கு நடுவே இருக்கும் ஓட்டை ஒற்றி எடுத்துக் கறுப்பு அட்டையில் வைக்கவேண்டும். மூச்சைப் பலமாக விட்டால் பறந்துவிடும். முந்நூறு ஓடு பொறுக்க ஒரு நாள் போகும். அம்மோனியா என்றொரு இனம் கழிமுக நீரில் நிறைய வாழும். நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும். அசுத்தம் அதிகமான இடங்களில் சில ஓடுகள் கோணலாக வளர்ந்திருக்கும். எண்ணூர்ச் சேற்றில் முதல்முறை அப்படி ஒரு கோணல் ஓட்டைப் பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு குழாயால் மண் மாதிரி எடுப்பது. கனத்தோடு ஒரு குழாயைக் கடலடியில் குத்தி, சேற்றைத் தூண்போல எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதி பாதுகாப்புக்கு, ஒரு பாதி வேலைக்கு. மேலே இருப்பது நேற்றையது, கீழே போகப்போகப் பழையது. சேற்றில் இருக்கும் கதிரியக்கப் பொருளை அளந்து வயதைக் கணக்கிடுவோம். கடந்த நூறு வருஷத்தை ஈயம்-210 சொல்லும், அதற்கு முன்னால் ஐம்பதாயிரம் வருஷம் வரைக்கும் கார்பன்-14. நடுவே திடீரென்று ஒரு பட்டை கரடுமுரடான மணல் வந்தால் புயலா, சுனாமியா என்று கேட்கத் தோன்றும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வி வெறும் பாடமாக இருக்காது.

கப்பலில் போகணுமா? பொண்ணுங்க போகலாமா?

போகலாம், போகிறார்கள். முன்பு நிலைமை வேறு. அட்லாண்டிக் கடலடியில் நீளும் மலைத்தொடருக்கு நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டுபிடித்த மேரி தார்ப், ஆண்கள் கப்பலில் போய் எடுத்துவந்த அளவுகளை வைத்துக் கரையில் உட்கார்ந்தே வரைந்தவர். பெண் என்பதால் பல வருஷம் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. நம் நாட்டில் சுதிப்தா சென்குப்தா என்ற நிலவியலாளர் 1983-லேயே அண்டார்டிகா பயணத்தில் போய்விட்டார்.

ஆய்வுக் கப்பல் பயணம் பல வாரம் நீளும். ராப்பகலாக முறை வைத்து வேலை. முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் வாந்தி வரும், மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். கடலே வேண்டாம் என்பவருக்கும் ஆய்வகம், வரைபடம், செயற்கைக்கோள் படம் என்று கரை வேலை நிறைய.

அரசு வேலை கிடைக்குமா?

பெரிய வாசல் ஜி.எஸ்.ஐ., அதாவது 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். கடலுக்கென்று மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தனிப் பிரிவும், சமுத்ர ரத்னாகர் போன்ற சொந்தக் கப்பல்களும் அதற்கு உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதவேண்டும்: முதல்நிலை, முதன்மை, நேர்காணல். முதுகலைப் பட்டம் தேவை. ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வு ஆகியவை ஜியாலஜிஸ்ட் பதவிக்கான பட்டங்களின் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. வயது 21 முதல் 32, ஓ.பி.சி.க்கு மூன்று வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருஷமும் தளர்வு. நம் ஊரில் மாநிலச் சான்றிதழில் எம்.பி.சி. என்று இருக்கும். மத்தியத் தேர்வுக்கு மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி. எனப்படும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 1993-ல் தொடங்கியது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கான மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி ஊர்தி அவர்களுடையது. ஆட்கள் உட்காரும் டைட்டானியக் கோளம் 2.1 மீட்டர் விட்டம்தான். 2025 தொடக்கத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது நம் காட்டுப்பள்ளியில். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் கலந்த உருண்டைகளை ஆராய இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. அவற்றைத் தேடவும், எடுத்தால் கடலடிக்கு என்ன ஆகும் என்று சொல்லவும் ஆள் வேண்டும். அதே பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கரை அரிப்பை வரைபடமாக்குகிறது. நாட்டின் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது என்று சொன்னது அவர்கள்தான். கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனமும் துருவ ஆராய்ச்சி மையமும், ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை தரும் இன்காய்ஸும் உள்ளன. மணவாளக்குறிச்சியில் கடற்கரைக் கனிம மணல் வேலை உண்டு. எண்ணெய் வளத்துக்கு ஓ.என்.ஜி.சி.

தனியார் பக்கம்?

துறைமுகத்துக்கு ஆழம் தோண்டுவதற்கு முன்னும் பின்னும் சர்வே, கடலடிக் குழாய், கடலடி கேபிள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-ல் தொடங்கிய கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். அப்படி ஒன்றைப் போடுவதற்கு முன் வழியெல்லாம் பாறையா சேறா என்று பார்த்தாகவேண்டும். தமிழ்நாட்டுத் தென்கரையில் கடலுக்குள் காற்றாலை அமைக்கும் திட்டம் நகர்ந்தால், ஒவ்வொரு தூணுக்கும் அடியில் இருக்கும் மண்ணைச் சோதிக்கவேண்டும். ஒலியால் கடலடியைப் படம்பிடிக்கும் மல்டிபீம், சைட் ஸ்கேன் சோனார், கணினியில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு.

சம்பளம்?

ஜி.எஸ்.ஐ. ஜியாலஜிஸ்டுக்கு ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, படிகள் தனி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்து ஆராய்ச்சிக்குப் போனால் 2023 முதல் மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் முழுதாகச் சொல்லவேண்டும். ஆய்வு நிறுவனங்களில் பல பதவிகள் திட்டம் முடியும்வரைதான். என்னுடையதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நீட்டிப்புக் கடிதம் வரும்வரை வீட்டில் சொல்லாமல் மென்று விழுங்கிய நாட்கள் உண்டு. அடுத்த மாதமே சம்பளம் வந்தாகவேண்டிய குடும்பம் என்றால், எம்.எஸ்சி. படிக்கும்போதே அரசுத் தேர்வுக்கும் தயாராகுங்கள்.

ஆறு மாசப் பயிற்சி, கடல் சர்வே வேலை உறுதின்னு விளம்பரம் வருதே?

என் தோழி நகையை அடகு வைத்து ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் கட்டினாள். கையில் கொடுத்த சான்றிதழை எந்தக் கம்பெனியும் ஏற்கவில்லை. பணமும் திரும்பவில்லை. ஹைட்ரோகிராஃபி, அதாவது கடலாழம் அளந்து வரைபடம் போடும் வேலைக்கான சான்றிதழ் என்றால் சர்வதேச அங்கீகாரம் பெற்ற 'ஏ' பிரிவு அல்லது 'பி' பிரிவா என்று கேளுங்கள். கோவாவில் கடற்படை நடத்தும் தேசிய ஹைட்ரோகிராஃபி நிறுவனம் அப்படிப்பட்ட படிப்புகளை நடத்துகிறது.

தமிழ் மீடியத்துப் பிள்ளை, சமாளிக்குமா?

நானும் தமிழ் மீடியம்தான். புவி அறிவியலாளர் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், அதனால் தள்ளிப்போட முடியாது. இலக்கண வகுப்பு எனக்குப் பெரிதாக உதவவில்லை. தினமும் ஒரு பக்கம் ஜியாலஜிப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்து, மூடி வைத்துவிட்டு, ஐந்து வரி சொந்தமாக எழுதினேன். ஒரு வருஷத்தில் கை பழகிவிட்டது.

நம்ம கடலைக் கெடுக்கிறவங்களுக்கே வேலை செய்யற படிப்பா இது?

ஒரு கூட்டத்தில் பழவேற்காட்டு அண்ணன் ஒருவர் எழுந்து கேட்டது. நியாயமான கேள்வி. துறைமுகம் விரிவாக்கலாமா, கழிமுகத்தில் எதைக் கட்டலாம் என்பதற்கெல்லாம் ஓர் அறிக்கை போகிறது. அதில் மணல் எந்தப் பக்கம் நகரும், கரை எத்தனை மீட்டர் போகும் என்று எழுதுவது எங்களைப் போன்றவர்கள். எந்தப் பருவத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரே பருவத்தில் மட்டும் அளந்துவிட்டு வருஷக் கணக்கு எழுதினால், தெண்டியும் வன்னியும் தெரிந்த எந்த மீனவருக்கும் அது தப்பு என்று தெரியும். ஆனால் அதைக் காகிதத்தில், அட்டவணையோடு, அவர்கள் மறுக்கமுடியாதபடி எழுத நம் பக்கத்தில் ஆள் குறைவு. அதற்காகவே நம் பிள்ளைகள் இதைப் படிக்கவேண்டும் என்று நான் வீடு வீடாகச் சொல்கிறேன்.

கடல் வேணாம்னுதானே படிக்க வைக்கிறோம், மறுபடியும் கடலா?

எங்கள் அம்மா கேட்டதும் இதேதான். நைனா தங்கு கடலுக்குப் போய்த் திரும்பும்வரை தூங்காமல் இருந்தவர். அவரிடம் வாதாடி ஜெயிக்கவில்லை. முதல் பயணம் போனபோது கப்பலின் படத்தைக் காட்டி, எந்த நாள் எங்கே இருப்பேன் என்று தேதி எழுதிக் காலண்டரில் ஒட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஒவ்வொரு தேதியும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. பயம் போகவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

இப்போ ப்ளஸ் ஒன்தான் படிக்கிறேன். இப்பவே எதுனா செய்யலாமா?

கரையை அளக்கத் தொடங்கு. ஒரே உயரத்தில் இரண்டு கம்பு எடுத்து மேலிருந்து சென்டிமீட்டர் குறித்துக்கொள். நடுவே இரண்டு மீட்டர் கயிறு. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் இருக்கும் இடத்தில், நகராத ஒரு சுவரையோ கம்பத்தையோ தொடக்கமாக வைத்து, கடலை நோக்கி இருவராக நடங்கள். கரைப்பக்கக் கம்பில் நிற்பவர், கடல்பக்கக் கம்பின் தலையும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்க்கவேண்டும். அந்தப் பார்வை தன் கம்பில் மேலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வெட்டுகிறதோ, அவ்வளவு தாழ்ந்திருக்கிறது தரை. எழுது, நகரு, மறுபடி எழுது. மாதம் ஒரு தடவை, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் போ. ஒரு வருஷம் விடாமல் எழுதினால், எந்த மாதம் கரை மணலைத் தின்றது, எந்த மாதம் திருப்பித் தந்தது என்று உன் நோட்டில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துறைத் தலைவரிடமும் போய் நிற்கலாம். முதல் தடவைக்குத் துணை வேண்டுமென்றால் சொல்லி அனுப்பு. கம்பு இரண்டும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கின்றன.